எச்சரிக்கைக் கருவியைக் கழற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் கட்டப்படும் புதிய வீடுகளிலும், தீயணைப்புப் பொறுப்புள்ள குடிமைத் தற்காப்புப் படையிடம் வரைபடம் சமர்ப்பித்துத் தீப் பாதுகாப்புப் பணிகள் மேற்கொள்ளப்படும் பழைய வீடுகளிலும் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டும் என்பது விதி. விதிப்படி கருவிகள் கூரையில் ஏறிவிட்டன. ஆனால், தாளிப்புக்கும் சாம்பிராணிக்கும் சில முறை அலறியதும் அவற்றைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுவிடும் குடும்பங்களை, வீடு வீடாகச் சென்று மின்வேலை பார்த்தவன் என்ற முறையில் நிறையவே கண்டிருக்கிறேன். கேட்டால் கருவி கோளாறு என்பார்கள். பெரும்பாலும் அதில் கோளாறு ஏதும் இருப்பதில்லை. கழற்றாமலேயே இந்தத் தொல்லையைக் குறைக்கவும் முடியும்.

இந்தக் கருவி நெருப்பை உணர்வதில்லை; காற்றோடு உள்ளே வரும் நுண்துகள்களைத்தான் உணர்கிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் ஒளிமின் வகையில், இருண்ட சிறு கூண்டு ஒன்றுக்குள் அகச்சிவப்பு ஒளி உமிழும் டையோடும், அவ்வொளி நேராக விழாத கோணத்தில் ஓர் ஒளியுணரியும் இருக்கும். துகள்கள் புகுந்தால் ஒளி சிதறி உணரியின்மீது படும். அது குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மணி அலறும். ஒளியைச் சிதறடித்தது கருகும் மெத்தையின் புகையா, குளியலறையிலிருந்து வந்த வெந்நீராவியா, கொசுவை ஒழிக்கக் கீழ்த்தளத்தில் அடித்த மருந்துப் புகையா என்று பிரித்தறிய சாதாரணக் கருவிக்கு வழியில்லை. மற்றொன்றான அயனியாக்க வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு வைக்கப்பட்டிருக்கும். அதன் ஆல்ஃபா கதிர்கள் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை அயனியாக்குவதால் அங்கே நுண்ணிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். துகள்கள் அயனிகளைப் பற்றிக்கொள்ளும்போது அந்த மின்னோட்டம் குறைந்து எச்சரிக்கை ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத துகள்களையும் இது விடாது என்பதால், எண்ணெய் காய்ந்தாலே, ரொட்டி சற்றுக் கருகினாலே அலறிவிடும்.

ஆகவே அடுப்படிப் பக்கத்துக்கு ஒளிமின் வகையே நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வது சரிதான். ஆனால் நம் வீடுகளில் அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. சுடர்விடாமல் கனன்று புகையும் பொருள்களிலிருந்து பெரிய துகள்கள் மிகுதியாக எழும். அவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் ஒளிமின் வகை கெட்டி. ஊதுபத்தியும் சாம்பிராணியும் கனன்று புகைவதற்கென்றே செய்யப்பட்டவை. வெள்ளிக்கிழமை மாலையில் வரவேற்பறை முழுவதும் சாம்பிராணி காட்டும்போது கருவி வாய் திறக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவிகளுக்கான அமெரிக்காவின் யுஎல் 217 தரவிதிகளின் எட்டாம் பதிப்பில், சமையல் புகைக்கு வீணாக ஒலிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கது. அந்தச் சோதனையில் வாட்டப்படுவது ஹாம்பர்கர் இறைச்சி. அதில் தேறிய கருவி நம் காய்ந்த மிளகாய்த் தாளிப்பையும் தாங்குமா என்பது வேறு கதை.

நான் பார்த்தவரை, வீண் அலறலுக்குப் பெரிய காரணம் கருவி பொருத்தப்பட்ட இடம். புதுப்பிப்புப் பணிக்கு வருபவர்கள் பலர் ஏணி வைக்க வசதியான இடத்தைப் பார்த்துத் துளையிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டில் பூஜை மாடம் எங்கே வரப்போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுப்பிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர், குளியலறைக் கதவிலிருந்தும் கூரை மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்தும் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவு. நமக்கும் அது நல்ல வழிகாட்டி. பூஜை மாடத்துக்கு நேர்மேலே இருக்கும் கருவியை நடைவழிப் பக்கம், படுக்கையறைகளுக்கு அருகே மாற்றிவிட்டாலே பல வீடுகளில் சச்சரவு தீர்ந்துவிடும். தடுப்புச் சுவரில்லாத சமையலறை கொண்ட சிறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அவ்வளவு தூரம் கிடைப்பது கடினம். அங்கே அடுப்படிக்குள் வெப்ப உணர்வுக் கருவி வைக்கலாம். அது புகைக்கு அசையாது. கூரையருகே வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் போன்ற அளவை எட்டினால்தான் ஒலிக்கும். ஆனால் புகைக் கருவியைவிடத் தாமதமாகவே எச்சரிக்கும் என்பதால், அதற்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது. இங்கே வீட்டுத் தீச்சம்பவங்களுக்கு முதன்மைக் காரணம் கவனிப்பாரின்றி விடப்படும் அடுப்பு என்று குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. எனவே சமையல் புகைக்குப் பயந்து கருவியை அடுப்படியின் வாடையே எட்டாத மூலைக்கு விரட்டுவதும் சரியில்லை.

தூசியும் பூச்சியும் இன்னொரு தொல்லை. கூண்டுக்குள் படியும் தூசியும், கருவியின் காப்பு வலையைத் தாண்டி நுழையும் சிறு சிலந்தியும் புகையைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும். அண்டை வீட்டில் தரை உடைக்கும் நாள்களில் கருவியை மூடி வைத்து, வேலை முடிந்ததும் மறவாமல் மூடியை அகற்ற வேண்டும். மற்ற நாள்களில் தூசியுறிஞ்சியால் அவ்வப்போது சுத்தம் செய்தால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் ஒற்றைக் கீச்சொலியைப் பலர் பொய் எச்சரிக்கை என்கிறார்கள். அது பேட்டரி தீரப்போகிறது என்ற அறிவிப்பு.

வீணாக அலறினால், சன்னலைத் திறந்துவிட்டு, கருவியிலுள்ள தற்காலிக நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களுக்கு அடங்கியிருந்துவிட்டுப் பிறகு தானாகவே விழித்துக்கொள்ளும். அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாமல் பேட்டரியைப் பிடுங்கிவிடுபவர்கள், குறிப்பாகத் தனியே வாழும் முதியவர்கள், நம்மிடையே இருக்கிறார்கள். புதிய வீட்டின் சாவியைக் கொடுக்கும்போதே இதைத் தமிழில் விளக்கும் ஒரு தாளையும் தர வேண்டும் எனவும், கருவி பொருத்தும் இடத்தைப் பற்றிய அறிவுரையில் அடுப்போடு பூஜை மாடத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் எனவும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இக்கருவிகளின் ஆயுள் பொதுவாகப் 10 ஆண்டுகள். 2018-இல் பொருத்தியவற்றை 2028-இல் மாற்றியாக வேண்டும். புதியதை அதே பழைய துளையில் மாட்டிவிடாமல் இருக்க, இந்த அறிவுரை அதற்குள் வெளிவந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
ஈசூன், சிங்கப்பூர்