மருந்து வாங்கறதுக்கு முன்னாடி தோண்டிப் பாரு

தம்பி,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற, அதான் டைப் பண்ணி அனுப்பறேன். உடுமலை தோட்டத்துல கொய்யா வாடுதுன்னு சின்ன மாமாதான் சொன்னாரு, நீ சொல்லல, பரவால்ல. தண்ணி பத்தலன்னு நெனச்சு சொட்டுநீர இன்னும் அதிகமா ஓட விட்டுருக்கியாமே, அத மொதல்ல நிறுத்து. வேர் கெட்ட மரமும் தண்ணியில்லாத மரமும் மேல பாத்தா ஒண்ணாதான் வாடும், மண்ணு ஈரமா இருக்கறப்பவே எல தொங்குதுன்னா கோளாறு கீழ இருக்கு.

தோண்டிப் பாரு. செத்த மரத்துல தோண்டாத, பாதி வாடினதா பாரு. சொட்டு விழற எடத்துல ஒரு அடிக்குள்ள மெல்லிசு வேரா எடுத்து அலசு. அங்கங்க வீங்கி முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, மண்ணுல இருந்து வேருக்குள்ள போற கண்ணுக்குத் தெரியாத புழு. ஊடுபயிரா தட்டப்பயறு போட்டிருக்கியே, அது வேர்லயும் முடிச்சு இருக்கும், அத பாத்து பயந்துக்காத, அது நல்ல முடிச்சு, கையால தேச்சா உதிர்ந்துரும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கினது. இந்தியாவுல கொய்யாவுக்கு வந்த மெலாய்டோகைன் என்டிரோலோபிங்கற நூற்புழுவ மொதல்ல பதிவு பண்ணதே நம்ம திண்டுக்கல் பக்கத்துலதான், 2016ல கட்டுரையா வந்துச்சு. நர்சரி கன்னோட வேர்மண்ணுலதான் ஊரு ஊரா போகுது.

முடிச்சு இல்லன்னா தரைய ஒட்டி அடித்தண்டுல பட்டைய லேசா சீவிப் பாரு, உள்கட்ட வெள்ளையா இல்லாம காப்பிக்கலர் ஓடிருந்தா பியூசேரியம்ங்கற பூஞ்சாணத்தால வர்ற வாடல், எல மஞ்சளாகி செவந்து கொட்டும், காய் பெருக்காம கருத்து கெட்டியாகி மரத்துலயே நிக்கும். ரெண்டும் சேந்தும் வரும், புழு போட்ட காயத்து வழியா பூஞ்சாணம் சுளுவா உள்ள ஏறிரும். ஒத்தக் கிளை மட்டும் காஞ்சிருந்தா மொதல்ல கவட்டையப் பாரு, பட்டைத்தூளும் புழு எச்சமும் ஒட்டியிருந்தா அது பட்டைப்புழு, வேருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

ஏழாவது படிக்கறப்ப நீயா போட்ட பதியன் இன்னும் கெணத்து மேட்டுல காய்க்குது, வர்றவங்க கிட்டல்லாம் காட்டறேன். அந்தக் கை இருக்கறவன் எதுக்கு எங்கியோ போய் தைவான் பிங்க் ரக கொய்யாக் கன்னு வாங்கின, வேர உதறிப் பாத்து வாங்கினியான்னு கேட்டா உனக்குக் கோவம் வரும். கேக்கல. ஒரு கல்யாணத்துல மருமக கழுத்துல வெறும் மஞ்சக்கயிறுதான் இருந்துச்சுன்னு உங்கம்மா வந்து சொன்னா, அதையும் நான் கேக்கல. வேற வழியில்லாமதான் செஞ்சிருப்ப. ஆனா இனிமே கடைக்காரன் சொன்னான்னு டப்பா டப்பாவா வாங்காத தம்பி. கார்பன்டசிம்ங்கற பூஞ்சாண மருந்த ஊத்தின கையோட நல்ல பூஞ்சாணமான விரிடிய போட்டா விரிடிதான் சாகும், ரெண்டு காசும் போச்சு. நூற்புழுவுக்கு பூஞ்சாண மருந்து எவ்வளவு ஊத்தினாலும் கேக்காது. என்னன்னு தெரியாம எதுக்கு ஊத்தணும், தோண்டிப் பாத்துட்டு வாங்கு.

வாடின மரத்துல வேல செஞ்ச மண்வெட்டிய கழுவாம நல்ல மரத்துக்குக் கொண்டு போகாத. வேரயும் ஈரமண்ணையும் கவர்ல கட்டி வெயில் படாம வெச்சுக்கோ, வெள்ளிக்கிழம காலைல நான் அங்க வந்துர்றேன், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல நூற்புழுவுக்குன்னே தனித்துறை இருக்கு, ரெண்டு பேரும் போய் காட்டுவோம். புழுதான்னு சொன்னா பேசிலோமைசிஸ்ங்கற, நூற்புழுவ அழிக்கற பூஞ்சாணத்த தொழு உரத்துல கலந்து வெக்கணும், வேப்பம் புண்ணாக்கும் போடணும், வரிசைக்கு நடுவுல செண்டுமல்லி நடலாம். தக்காளி, கத்திரி போட்றாத, அதுலயும் இந்தப் புழு பெருகும். செத்த குழியிலயே திரும்ப கொய்யா வெக்காத.

கடன் எவ்வளவுன்னு நீயா சொன்னா கேட்டுக்கறேன். சொல்லலன்னாலும் கெழக்கால மரம் நாலு வருஷமா நல்லா காய்க்குது, அந்தக் காசு பேங்க்லதான் கெடக்கு. புண்ணாக்கு மூட்டைய உங்கம்மா எடுத்து வெச்சுட்டா, மாமா டெம்போவுல ஏத்திட்டு வர்றேன், நீ அங்க வாங்க வேண்டாம்.

அப்பா