முழங்கால் போன பயில்வான்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் "இனிமேல் நமக்குத் திண்ணைதான்" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிசியோதெரபிக்காரர் சொல்கிறபடி காலை மடக்கி நீட்டு, வலிக்கிறது என்று டபாய்க்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி ஜப்பானியப் பாட்டுப் பாடி, என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். டோக்கியோவின் இந்த நிஷிகசாய் பகுதியில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இட்லி மாவுக்கும் பஞ்சமில்லை.

டோக்கியோவில் இருந்துகொண்டு சுமோ பார்க்காமல் வந்துவிடாதே, அந்தத் தடியன்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். ரியோகோகு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே கொகுகிகான் அரங்கம். ஒரே டிக்கெட்டில் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை இருக்கலாம். ஜப்பான்காரர்கள் மத்தியானத்துக்குமேல்தான் வருகிறார்கள். எனக்கு வேறு வேலை இல்லாததால் காலையிலேயே போய் மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலைநேரத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலி. கீழே கோதாவில் பதினெட்டு இருபது வயதுப் பையன்கள் ஜோடி ஜோடியாக ஏறி இறங்குகிறார்கள். எல்லோருக்கும் கறுப்புப் பருத்திக் கச்சைதான். முன்னால் தொங்கும் நூல்கள்கூட விறைப்பில்லாமல் துவண்டு கிடக்கும். டிவியில் பார்க்கிறோமே, கைநிறைய உப்பை அள்ளி வீசுவது, அதற்கெல்லாம் இவர்களுக்கு நேரம் கிடையாது. நடுவர்கூட வெறுங்காலோடுதான் நிற்கிறார். குனிகிறார்கள், மோதுகிறார்கள், சில நொடிகளில் ஒருத்தன் வட்டத்துக்கு வெளியே. தோற்றவனும் வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் வருகிற பெரிய ஆட்களுக்குப் பளபளக்கும் பட்டுக் கச்சை, விளம்பரப் பதாகைகள், கைதட்டல் எல்லாம் உண்டு.

தெருநோபுஜி என்ற பயில்வான் இந்தச் சாயங்காலத்திலிருந்து அந்தக் காலைக்கு இறங்கி வந்தவர். உன் முழங்கால் சமாச்சாரத்தைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

ஊர் மங்கோலியாவின் உலான்பாத்தர். பதினெட்டு வயதில் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்து, 2011இல் தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். 2015 மே மாதம் முதல்முறை பட்டம் வென்று ஓசெகி ஆனார். அதற்குமேல் யோகோசுனா என்கிற உச்சப் பதவி ஒன்றுதான். எல்லோரும் அடுத்த யோகோசுனா இவர்தான் என்று பேசிக்கொண்டிருந்தபோது முழங்கால் காலைவாரியது. அதோடு நீரிழிவு, ஹெபடைட்டிஸ், சிறுநீரகக் கல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. 2017இல் ஓசெகி பதவி போயிற்று.

இங்கேதான் இந்த விளையாட்டின் கொடுமை. வருஷத்துக்கு ஆறு போட்டி. ஒவ்வொன்றும் முடிந்ததும் தரவரிசையைப் புதிதாக எழுதுகிறார்கள். காயம் பட்டுப் படுத்திருந்தாலும் ஆடாத ஆட்டம் தோல்விக் கணக்கில்தான் போகும். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி இவர் கீழே கீழே சறுக்கினார். சுமார் அறுநூறு பேர் இருக்கிற தொழிலில் மேலே உள்ள எழுபது பேருக்குத்தான் மாதச் சம்பளம். 2019 கணக்கில் அந்த எழுபதில் அடித்தட்டுக்காரருக்கு மாதம் 11 லட்சம் யென் (ஜப்பான் பணம்), யோகோசுனாவுக்கு 30 லட்சம். எழுபதுக்கு வெளியே விழுந்தால் சம்பளம் நின்றுவிடும், போட்டிக்குப் போட்டி கொடுக்கிற சிறு படிதான். பயில்வான்கள் சேர்ந்து தங்கிப் பயிற்சி எடுக்கிற கூடத்தில் மேலே இருப்பவர்தான் முதலில் குளிப்பார், முதலில் சாப்பிடுவார். கீழே உள்ளவன் சமைத்து, பரிமாறி, மேலே இருப்பவரின் முதுகைத் தேய்த்துவிட்டு, சட்டியில் மிச்சம் இருப்பதைத் தின்ன வேண்டும். பயிற்சியும் காலையில் வெறும் வயிற்றோடுதான். இந்தக் கட்டுப்பாடு எல்லாமே அழகு என்று நான் சொல்ல மாட்டேன். 2007இல் ஒரு கூடத்தில் பதினேழு வயதுப் பையனை அடித்தே கொன்றார்கள், குருவே ஜெயிலுக்குப் போனார்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். பலமுறை போய், "விட்டுவிடுகிறேன்" என்று தன் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறார். வாத்தியார் இசெகஹாமா, அவரும் பழைய யோகோசுனா. முதலில் உடம்பைத் தேற்று, மற்றதைப் பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டாராம். 2019 மார்ச்சில் ஒசாகாவில் மறுபடி கோதா ஏறியபோது அவருடைய இடம் 'ஜோனிதான்' என்ற பிரிவில் 48. கீழிருந்து இரண்டாவது பிரிவு அது. ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு தாழ இறங்கியும் ஆட வந்தது அதுவரை நடக்காதது. அதே கறுப்புக் கச்சை, அதே காலி நாற்காலிகள். ஏழுக்கு ஏழும் ஜெயித்துவிட்டு, அந்தப் பிரிவின் பட்டத்துக்கான ஆட்டத்தில் ரோகா என்ற புதுப் பையனிடம் தோற்றார்! எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பிடித்த இடம் அதுதான். அந்தத் தோல்விக்குப் பிறகும் அடுத்த போட்டிக்கு வந்தாரே.

மேலே வந்த கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 2020 ஜூலையில், கொரோனாவால் பாதி அரங்கம்கூட நிரம்பாத நேரத்தில், முதல் பிரிவின் வால் பக்கத்தில் இருந்துகொண்டு பதினைந்தில் பதின்மூன்று ஜெயித்துப் பட்டத்தைத் தட்டினார். அடுத்த வருஷம் மறுபடி ஓசெகி. 2021 ஜூலையில் கடைசி நாள் வரை தோல்வியே இல்லை. எதிரே நின்ற யோகோசுனா ஹகுஹோவும் அப்படியே. அதில் தோற்றாலும் 73ஆவது யோகோசுனா ஆக்கிவிட்டார்கள்.

முழங்கால்? அது சரியாகவே இல்லை, முருகேசா. இரண்டு காலிலும் தடிமனாகக் கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். பின்னால் சரியாமல் இருக்க, எதிராளியின் இரண்டு கைகளையும் வெளியிலிருந்து அக்குளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, அவனை அசையவிடாமல் நகர்த்திக்கொண்டே போவார். கால் போனதால் கையை வைத்து ஒரு வித்தை. யோகோசுனாவைப் பதவி இறக்க முடியாது, முடியாதபோது விலகத்தான் வேண்டும். பல போட்டிகளில் முழுதாக ஆட முடியாமலேயே மொத்தம் பத்துப் பட்டம் எடுத்துவிட்டு 2025 ஜனவரியில் விலகினார். அந்த ஜூனில் பழைய வாத்தியாரின் கூடத்துக்கு இவரே தலைவர் ஆகிவிட்டார்.

எல்லோரும் இப்படி ஆவதில்லை, நினைவில் வை. ஹனகாஸே என்று ஒருவர் 1986இல் சேர்ந்து 2022இல் ஐம்பத்தொரு வயதில்தான் விலகினார். கீழிருந்து மூன்றாம் பிரிவைத் தாண்டியதே இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் மாதச் சம்பளமே இல்லாமல் கோதாவில் நின்றிருக்கிறார்! மகள் இதைக் கேட்டுப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள். எனக்கு என்னவோ அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் போலிருக்கிறது.

பொங்கலுக்குள் ஊர் திரும்பிவிடுவேன். அதற்குள் வாக்கிங் ஸ்டிக்கோடாவது பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பழகு. மரகதத்துக்கு என் விசாரிப்பைச் சொல். அவளுக்குப் பச்சைத் தேயிலை வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. சுமோக்காரர்கள் பூசுகிற குடுமி மெழுகு மட்டும் கேட்காதே, உன் தலையில் அதற்கு வேலை இல்லை.

அன்புடன்,
ராமு