காபி குடித்தால் மதிப்பெண் கூடுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சேலத்தில் ஒரு பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. ‘காபி குடித்தால் மதிப்பெண் கூடும்: மாணவர்கள் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு. அங்கே நடுவராக இருந்தவர்களில் நானும் ஒருவன். பரிசு யாருக்குப் போனது என்று சண்டை போட இதை எழுதவில்லை. உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டம்மா, எட்டாவது படிக்கிற பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு டிகாஷன் இறக்குகிறார். அதனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் ஏற்காட்டுக்காரன். காபிக் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற காபி க்யூரிங் ஒர்க்ஸில், ருசி பார்த்துத் தரம் சொல்கிற கப் டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘காபி பற்றி இரண்டு ஸ்டால் இருக்கிறது, நீங்களும் வந்து பாருங்கள் ஐயா’ என்று கூப்பிட்டார்கள். உளவியல் படித்தவனில்லை. ஆனால் நாக்கும் மனசும் சேர்ந்துகொண்டு ஆளை எப்படி ஏமாற்றும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தவன். ருசி பார்க்கும் மேஜையில் கோப்பைகளுக்கு நம்பர் மட்டும்தான் இருக்கும். எது நாகலூர்ப் பக்கத்துக் காபி, எது குடகிலிருந்து வந்தது என்பது ஊற்றி வைத்தவருக்குத் தெரியும். உறிஞ்சித் துப்புகிறவனுக்குத் தெரியாது. தெரிந்தால் போச்சு. பேர் வாங்கிய எஸ்டேட் என்று தெரிந்தாலே நாக்கு அதில் இல்லாத வாசனையெல்லாம் தேட ஆரம்பிக்கும். எஸ்டேட் முதலாளி எதிரில் வந்து நின்றுவிட்டால் இன்னும் மோசம். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், முகமே சொல்லிவிடும்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். முதல் பரிசு வாங்கிய பையன்கள் தங்கள் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தினம் எத்தனை டம்ளர் காபி என்று கேட்டு, அதை அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, வண்ண வண்ணமாக வரைபடம் போட்டிருந்தார்கள். கோடு மேலே ஏறியது. அவர்கள் உழைப்பில் குறையில்லை. அந்த வகுப்பைப் பொறுத்தவரை காபி கூடுகிற இடத்தில் மதிப்பெண்ணும் கூடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ‘காபிதான் காரணம்’ என்று தாவிவிட்டார்கள். ராத்திரி கண் விழித்துப் படிக்கிற பிள்ளைதான் காபி கேட்கும். ஒன்பது மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கு எதற்குக் காபி? மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது அந்தப் படிப்பாகவே இருக்கலாம். இல்லை, தினம் பால் வாங்க வசதியுள்ள வீடு டியூஷனுக்கும் பணம் கட்டுகிற வீடாக இருக்கலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதால் ‘குடிச்சிட்டுப் போகட்டும்’ என்று வீட்டில் விட்டிருக்கலாம். அப்படியானால் காரணமும் விளைவும் தலைகீழ். கேட்டு எழுதிய பட்டியலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதில் எது உண்மை என்று அது சொல்லாது.

அதே கண்காட்சியில், மாடிப்படி ஓரமாக, ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லாத மேஜையில் பிளஸ் ஒன் மாணவிகள் இரண்டு பேர் நின்றார்கள். காபி குடித்தால் படித்தது நினைவில் நிற்குமா என்பது அவர்கள் கேள்வி. மாணவர்களுக்குக் காபி கொடுத்துச் சோதிப்பது சரியில்லை என்று அவர்களே முடிவு செய்து, சம்மதம் சொன்ன ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று இருபது பேருக்கு மேல் சேர்த்திருந்தார்கள். யாருக்குக் காபி, யாருக்கு வெறும் சிக்கரி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எனக்கு அங்கேயே கைதட்டத் தோன்றியது. காபியில் தூக்கத்தை விரட்டுகிற பொருள் கேஃபின். சிக்கரி வேரில் அது கிடையாது. நிறமும் கசப்பும் மட்டும் காபி மாதிரி இருக்கும். நம் ஊரில் காபிப்பொடி விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். மேல்நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்காகக் கேஃபின் நீக்கிய காபியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டு அடுப்படியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சீட்டு எதற்கு என்று சக நடுவர் ஒருவர் கேட்டார். விருப்பப்பட்டவர்களுக்குக் காபி என்று விட்டிருந்தால் தூக்கக் கலக்கத்தோடு வந்தவர்களெல்லாம் காபிப் பக்கம் போயிருப்பார்கள். மாணவிகளே பிரித்திருந்தால் தங்களுக்குப் பிடித்த டீச்சருக்கு நல்ல காபி போயிருக்கும். சீட்டுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. ஞாபக சக்தி உள்ளவர், இல்லாதவர், முந்தின ராத்திரி தூங்கியவர், தூங்காதவர் எல்லோரும் இரண்டு பக்கமும் கலந்து விழுவார்கள். நாம் யோசித்தே பார்க்காத வித்தியாசங்கள்கூட அப்படித்தான் கலக்கும்.

இன்னும் சில காரியங்கள் செய்திருந்தார்கள். பாலும் சர்க்கரையும் இரண்டிலும் ஒரே அளவு. டம்ளரை நீட்டியது ஒரு மாணவி. வார்த்தைப் பட்டியலைப் படிக்கக் கொடுத்து, பிறகு எத்தனை வார்த்தை நினைவிருந்தது என்று எண்ணியது இன்னொருத்தி. யார் எதைக் குடித்தார்கள் என்பது எண்ணியவளுக்குத் தெரியாது. குடித்தவுடனே சோதிக்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், கேஃபின் ரத்தத்தில் ஏற நேரம் வேண்டுமே. கடைசியில், ‘நீங்கள் குடித்தது காபியா, சிக்கரியா?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்திருந்தார்கள். பெரும்பாலோர் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். முதல் வாயிலேயே சிக்கரி என்று சொல்லிவிட்டேன். அது தொழில் பழக்கம், சோதனையின் குற்றமில்லை.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரையும் காலையில் காபி குடிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை குடிக்கிறவருக்கு ஒரு வேளை தள்ளிப்போனாலே தலைவலி, எரிச்சல். அவர் கையில் சிக்கரி போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஞாபகம் குறையத்தான் செய்யும். அப்போது காபி ஞாபகத்தைக் கூட்டியதாகத் தெரியும். உண்மையில் அது பழக்கக் கடனைத் தீர்த்து வைத்திருக்கும், அவ்வளவுதான். தினம் குடிப்பவர், எப்போதாவது குடிப்பவர் என்று முதலில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனியாகச் சீட்டுக் குலுக்கியிருந்தால் இதைப் பார்த்திருக்கலாம். இன்னொரு வழி, ஒரே ஆளுக்கு ஒரு நாள் காபி, வேறொரு நாள் சிக்கரி. அவரை அவரோடே ஒப்பிடுவதால் கொஞ்சம் பேரை வைத்தே செய்யலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கக் கூடாது. குடித்த கேஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள் பழக்கத்தாலேயே நன்றாகச் செய்வார்கள் என்பதால், பாதிப் பேருக்குக் காபி முதலில், மீதிப் பேருக்குச் சிக்கரி முதலில். வார்த்தைப் பட்டியலும் வேறாக வேண்டும்.

அவர்களுக்குக் கிடைத்த முடிவு: சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ‘அப்போ ஒண்ணும் கண்டுபிடிக்கலையே’ என்று மதிப்பெண் தாளில் ஒருவர் அடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு வலித்தது. இத்தனை பேரை வைத்துச் செய்ததில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் தகவல்தான். சின்ன வித்தியாசம் இருந்து இதில் சிக்காமலும் போயிருக்கலாம். இதை அந்த மாணவிகள் தாங்களே சார்ட்டின் அடியில் எழுதியிருந்தார்கள். ‘தெரிந்தது’ என்றால்தான் பரிசு என்று பழக்கினால், அடுத்த வருஷம் பிள்ளைகள் எதையாவது தெரிய வைத்துவிடுவார்கள்.

இது ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை. 1911-ல் அமெரிக்காவில் கோகோ கோலாவில் இருக்கும் கேஃபின் கெடுதல் என்று அரசு தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. கம்பெனி ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளரைக் கூலிக்கு அமர்த்தியது. முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவேன், கம்பெனி அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அவரும் மனைவி லீட்டாவும் 16 பேரை வைத்து நியூயார்க்கில் சோதித்தார்கள். சில கேப்ஸ்யூல் மாத்திரையில் கேஃபின், சிலவற்றில் வெறும் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. விழுங்கியவர்களுக்கும் தெரியாது, சோதனையை நடத்தியவர்களுக்கும் தெரியாது. டைப் அடிக்கும் வேகம், கணக்குப் போடுவது, கை நடுக்கம், தூக்கம் என்று பலதையும் அளந்தார்கள். காசு கொடுத்தவன் கம்பெனி என்றாலும் அந்த ஆய்வை இன்றும் மதிக்கிறார்கள் என்றால், அது வடிவமைத்த விதத்துக்காக.

எனக்குத் தோன்றுவது இரண்டு. உங்களுக்கு: ‘ஆய்வில் தகவல்’ என்று போடும்போது, கேட்டு எழுதிய ஆய்வா, சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனையா, எத்தனை பேர் என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். தலைப்பில் ‘கூடும்’ என்பதை முதல் வகைக்குக் கொடுக்க வேண்டாம். பள்ளிகளுக்கு: மனித மனம் பற்றிய ஸ்டால்களுக்கு என்னைப் போன்ற காபிக்காரனை நம்ப வேண்டாம். பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, அங்கே முதுகலை படிக்கிறவர்களை நடுவராகக் கூப்பிடலாம்.

அந்த இரண்டு மாணவிகளும் இதைப் படித்தால், திரும்பச் செய்துபார்க்கச் சொல்கிறேன். ஒரே வறுவலில் அரைத்த பொடி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நானே கொண்டுவந்து தருகிறேன். டம்ளருக்கு நம்பர் போடுவதை மட்டும் நான் இல்லாதபோது செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப் டேஸ்டர்,
ஏற்காடு.