ஷெட்லாந்துக்குக் கிளம்பும் முன்: தமிழ் ஒளிப்பட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வருகிற பிப்ரவரியில் நீங்கள் 14 பேர் சேர்ந்து ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்தது. கோடையில் பஃபின் பறவைகளைப் படம் எடுக்க ஊரே போகிறது. புயலும் இருட்டுமாக இருக்கும் குளிர்காலத்தில் அங்கே போக வேண்டும் என்று தோன்றுவதற்குத் தனி ஆசை வேண்டும். அப்புறம் நண்பர் ஒருவர் உங்கள் பயணத் திட்டத்தை அனுப்பி வைத்தார். மூன்று நாள். முதல் நாள் நீர்நாய், இரண்டாம் நாள் ஓர்கா எனும் கொலைத் திமிங்கிலம், மூன்றாம் நாள் வெள்ளை முயல். நீர்நாய்க்கு எதிரே, 'மிக அருகில், உறுதி' என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் அபெர்டீனில் வேலை பார்க்கிறவன். ஷெட்லாந்துக்கான இரவுக் கப்பல் எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகிறது. மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலை ஷெட்லாந்தின் துறைமுக நகரமான லெர்விக்கில் இறங்கலாம், கடல் ஒத்துழைத்தால். ஆறு குளிர்காலங்களில் போயிருக்கிறேன். இரண்டு முறை புயலில் கப்பல் தாமதமாகி, விடுமுறையில் பாதி துறைமுகத்திலேயே கழிந்தது. மூன்று நாள் திட்டத்தில் அப்படி ஒரு நாள் போய்விட்டால் மிச்சமிருக்கும் இரண்டு நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவசரம். எல்லாத் தப்பும் அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

ஷெட்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட கூட்டம். மக்கள் இருப்பது பதினாறு தீவுகளில்தான், மொத்தம் சுமார் 23,000 பேர். வடக்கு அட்சரேகை 60 டிகிரி அதன் தென்பகுதி வழியாகப் போகிறது. டிசம்பர் 21 அன்று அங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. பிப்ரவரி நடுவில் ஒன்பது மணி நேரம் ஆகிவிடும், ஆனால் சூரியன் குன்றுகளை விட்டு அதிகம் மேலே ஏறாது. நாள் முழுக்க சாயங்கால வெயில் மாதிரியே ஒரு மஞ்சள் வெளிச்சம் இருக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? நீங்கள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

நீர்நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோயாற்றிலும் காவிரியிலும் நீர்நாய்களைக் கூட்டமாகப் பார்த்துப் பழகியவர்கள் உங்களில் இருக்கலாம். ஷெட்லாந்தில் இருப்பது வேறு வகை, யுரேசிய நீர்நாய். ஐரோப்பாவின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ராத்திரியில் நடமாடும் இது, இங்கே கடலோரத்தில் பட்டப்பகலில் வேட்டையாடுகிறது. ஊர்க்காரர்கள் 'டிராட்ஸி' என்பார்கள். ஆண் தனியாகத் திரியும். பெண் தன் குட்டிகளோடு இருக்கும், வளர்ப்பதும் அது ஒன்றுதான். குட்டிகள் பெரும்பாலும் கோடையில் பிறந்து ஏறக்குறைய ஒரு வருஷம் தாயை ஒட்டியே வளரும். நீங்கள் போகிற பிப்ரவரியில் அவை பார்ப்பதற்குத் தாய் அளவு வந்திருக்கும், ஆனால் வேட்டை இன்னும் சரியாகக் கைவந்திருக்காது.

சீலுக்கு உள்ளது போலக் கெட்டியான கொழுப்புப் போர்வை நீர்நாய்க்குக் கிடையாது. அதன் போர்வை ரோமம் மட்டும்தான். அடர்ந்த உள்ரோமத்துக்குள் காற்று தங்கி, அந்தக் காற்றுதான் குளிரை உடம்புக்குள் விடாமல் தடுக்கிறது. உப்பு படிந்தால் ரோமம் ஒட்டிக்கொள்ளும், காற்று தங்காது. அதனால் கடலில் வேட்டையாடிவிட்டு நல்ல தண்ணீரில் குளித்தே ஆக வேண்டும். கரையோரக் குட்டைகளும் சின்ன ஓடைகளும் அதற்குக் குளியலறை மாதிரி. குளிர்காலத்தில் கடல் ஏழு, எட்டு டிகிரிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு முங்கும் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட மீன் வேண்டும், மீனுக்கு மறுபடி முங்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் வேண்டும் என்பார்கள். குட்டிகள் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்து. கையில் சேமிப்பு எதுவும் இல்லாமல் அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிற குடும்பம் அது. ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பிப்ரவரியில், யெல் தீவில் ஒரு 'வோ'வில். நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடல் நாக்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். காசு கட்டிச் சேர்ந்த குழு, ஒன்பது பேர், ஒரு வழிகாட்டி. ஒன்பது பேரில் நானும் ஒருவன். இறங்குமுகமான ஓதம், பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தன. ஒரு தாய், இரண்டு குட்டிகள். தாய் ஒரு லம்ப்சக்கர் மீனைக் கவ்விக்கொண்டு கரையேறியது. பந்து போல உருண்டையான, கட்டிகள் நிறைந்த மீன். குளிர்காலக் கடைசியில் முட்டையிடக் கரைப்பக்கம் வரும். சின்ன மீனை நீர்நாய் தண்ணீரில் மிதந்தபடியே தின்றுவிடும். கரைக்கு இழுத்து வருகிறதென்றால் அது பெரிய வேட்டை, குட்டிகளுக்குப் பந்தி.

வழிகாட்டி கையைக் காட்டினார், நாங்கள் முன்னேறினோம். ஆளுக்கு இரண்டடி என்றுதான் ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர் ஒரு அடி வைத்தால் நாமும் ஒன்று வைப்போம் இல்லையா, அப்படித்தான். காற்று எங்கள் முதுகுப்பக்கம் இருந்து அடித்தது, யாரும் கவனிக்கவில்லை. நீர்நாய்க்குத் தூரப்பார்வை சுமார்தான், மூக்கு அப்படியில்லை. தாய் தலையைத் தூக்கியது. மூக்கு இரண்டு தடவை அசைந்தது. மீனை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு குட்டி கூடவே போனது. இன்னொன்று பாறைக்கு மறுபக்கம் ஓடி மாட்டிக்கொண்டது.

அந்தக் குட்டி கூப்பிட்ட சத்தம் கூர்மையான சீட்டி மாதிரி இருந்தது. விட்டு விட்டு, கடிகாரம் பார்த்தேன், இருபது நிமிஷம். அதற்குள் ஒரு பெரிய கருமுதுகுக் கடற்காகம் இறங்கி மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தாய் தலையைத் தூக்கிப் பார்த்த அந்த நொடி என்னிடம் படமாக இருக்கிறது. மீசை ஒவ்வொன்றிலும் நீர்த்துளி, கண்ணில் வெளிச்சம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அது எங்களைக் கண்டு பயந்து பார்த்த பார்வை. அந்தப் படத்தை நான் இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நீர்நாயை வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ தொந்தரவு செய்வது குற்றம். வளைக்குப் பக்கத்தில் படம் எடுக்க நேச்சர்ஸ்காட் அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் முதுமலை போலச் சோதனைச்சாவடியோ வனக் காவலரோ அங்கே கிடையாது. 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற வரை பெரும்பாலான நிலங்களில் யாரும் நடக்கலாம். அவ்வளவு பெரிய உரிமையை நம் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் நம்பிக்கையோடு இருக்கிறார்கள். அந்தக் கடற்கரையில் உங்களைப் பார்க்க ஒரு ஆள் இருக்க மாட்டார். ஆடுகள்தான் இருக்கும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? எனக்கு ஒரு தீவுக்காரப் பெரியவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி நில்லுங்கள். மேட்டில், வானம் பின்னணியாகத் தெரியும்படி நிற்காதீர்கள். நீர்நாய் முங்கியதும் நடக்கலாம், மனசுக்குள் பத்து வரை எண்ணி நின்றுவிட வேண்டும். ஒரு முங்கு இருபது விநாடிக்கு மேல் போகும், ஆனால் கடைசி விநாடி வரை ஆசைப்படக் கூடாது. அது தலையைத் தூக்கும்போது நீங்கள் பாறையோடு பாறையாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்தால் கரையோரமாக எந்தப் பக்கம் போகிறது என்று புரியும். அது போகிற வழியில் வெகுதூரம் முன்னால் போய், பாசிக்கு மேலே தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். வந்தால் வரும். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சரசரவென்று சத்தம் போடும் மழைக்கோட்டு வேண்டாம், பழைய கம்பளிச் சட்டை போதும்.

இதை 14 பேர் செய்ய முடியாது. நான்கு பேர் செய்யலாம். அதனால் என் முதல் வேண்டுகோள், குழுவை நான்கு பேருக்கு மிகாமல் பிரியுங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு வோவுக்குப் போகட்டும். இரண்டாவது, மூன்று நாளை ஆறு நாளாக்குங்கள், செலவு கூடினாலும். மூன்றாவது, 'உறுதி' என்கிற அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். உறுதி கொடுத்தவர் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் அடுத்த அடி வைக்கச் சொல்வார்.

ஓர்கா விஷயம் இன்னும் சிக்கல். ஷெட்லாந்து ஓர்காக்கள் சீல் வேட்டைக்காகக் கரையை உரசிக்கொண்டு வரும், பாறையில் நின்றே மூச்சுச் சத்தம் கேட்கலாம். எங்கே தென்பட்டாலும் ஃபேஸ்புக்கில் உடனே செய்தி வந்துவிடும். அவ்வளவுதான், ஒற்றைத்தடச் சாலையில் கார்கள் வரிசையாகப் பறக்கும். அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து ஒதுங்க வேண்டும். குளிர்காலத்தில் உறைபனி இருக்கும். ஓடை சாலையைக் கடக்கிற இடங்களில் நீர்நாயும் கடக்கும், வண்டியில் அடிபட்டுச் சாகிறவை இருக்கின்றன. ஒரு மிருகத்தைத் துரத்திப் போய் இன்னொன்றின் மேல் வண்டியை ஏற்ற வேண்டுமா? 'ஓர்கா நாள்' என்று ஒரு நாளை ஒதுக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கரைக்கு அது வந்தால் பாக்கியம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கரையில் படுத்திருக்கும் சீல்கள் அந்தச் சத்தத்தில் கடலுக்குள் ஓடிவிடும்.

மூன்றாம் நாளுக்கான வெள்ளை முயலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, ஒரு தகவல் மட்டும். அது மலை முயல், 1907 வாக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பகல் நீளம் குறைவதைக் கொண்டு அது வெள்ளையாகிறது, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ஷெட்லாந்தில் பனி விழுந்தாலும் நெடுநாள் நிற்பதில்லை. ஆக, பழுப்பு ஹெதர் புதரில் வெள்ளை முயல், ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும். கிட்டே போகாமலே பார்க்கலாம். கிட்டே போனால் ஓடும், ஓடினால் அதற்கும் அதே கணக்குதான், அன்றைய தீனியில் கைவைத்த மாதிரி.

உங்கள் திட்டத்தில் இல்லாதவை எத்தனையோ இருக்கின்றன. நீளவால் வாத்துக் கூட்டம் வோக்களில் மிதந்துகொண்டு ஒன்றையொன்று கூப்பிடும். 'கலூ, கலூ' என்கிற அந்தக் குரலே அதன் ஊர்ப்பெயர். கோடையில் கறுப்பாக இருக்கும் டைஸ்டி என்கிற கடற்பறவை குளிர்காலத்தில் சாம்பலும் வெள்ளையுமாக வேஷம் மாற்றியிருக்கும். சம்பர்க் முனையில் 1821-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் கீழே ஃபுல்மர் பறவைகள் அப்போதே விளிம்புகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கொக்கரித்துக்கொண்டிருக்கும். சுவர் ஓரம் காற்றுக்கு ஒதுங்கி நின்றால் கண் மட்டத்துக்கே மிதந்து வரும், அவைதான் நம்மைப் பார்க்க வரும். என் நல்ல படங்களில் பாதி அங்கே எடுத்தவை. யாரையும் துரத்தாமல்.

அந்த முனைக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில்தான் கார்த்ஸ் நெஸ். 1993 ஜனவரி 5 அன்று பிரேயர் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே மோதி, ஏறக்குறைய 85,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. நாள்கணக்கில் அடித்த புயல்தான் அதைக் கலைத்தது. அதற்கு முன் 1978 டிசம்பர் கடைசியில் சல்லம் வோவில் கப்பல் எரிபொருள் சிந்தியபோது ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன, நீர்நாய்களும் செத்தன. எண்ணெய் பட்ட ரோமத்தில் காற்று தங்குமா? அபெர்டீனில் என் சம்பளமும் எண்ணெய்த் தொழிலிலிருந்து வருவதுதான், அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. இரண்டும் நடந்தது குளிர்காலத்தில். பெரியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. ஒரு அந்நியன் கேமராவோடு கரையில் நின்றால் முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். சரியான இடத்தில் நின்றால் கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் அமைப்பாளருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். கப்பல் அறைகளை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. குழுவை இரண்டு வாரமாகப் பிரிப்பதென்றால், இரண்டாவது வாரம் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், யெல் பக்கம் எனக்கு வழி தெரியும். மாலை ஐந்தரைக்குத் துறைமுக வாசலில் இருப்பேன். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி என் பொறுப்பு.

அன்புடன்,
அபெர்டீனிலிருந்து ஒரு நண்பன்