எந்தச் சத்தம் இல்லை, மச்சான்?

அன்புள்ள மச்சான்,

நேற்று ராத்திரி கரண்ட் போனதும் நல்லதுக்குத்தான். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தால் ஹொஸ்டல் காலத்திலிருந்து வந்த சிநேகிதம் அந்த லப்டொப்போடு முடிந்திருக்கும். இங்கே கல்லடியில் விடியப்புறம்தான் கரண்ட் வந்தது. மாரி மழை விட்டபாடில்லை. ஒழுங்கைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், கைத்தடியைத் தட்டினால் 'சளக்' என்கிறது, குழி எது மேடு எது என்று தெரியவில்லை. திருக்கோவிலில் எப்படி? மாமி வீட்டுக் கூரை இந்த முறையாவது தாங்கியதா?

சரி, சண்டைக்கு வருவோம். நேற்று, நம்மைப் போன்ற கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏயின் ரிமோட் வசதியால் நான் இங்கே இருந்துகொண்டே உன் லப்டொப்பை ஓட்டப் பார்த்தேன். நீ போனில் நாலு தரம் "சத்தம் இல்லை" என்றாய். நானும் நாலு தரம் "எனக்குக் கேட்குதே" என்றேன். படுத்துக்கொண்டு யோசித்தேன். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஒரு சத்தமின்மை இல்லை, நாலு இருந்தன. நாம் நாலையும் ஒன்றாக்கிப் போட்டு அடிபட்டோம்.

முதலாவது கதை வெட்கக்கேடு. நான் "மற்றக் கணினியைக் கட்டுப்படுத்து" என்பதைத் தெரிவு செய்தேன். நீயும் அதையே தெரிவு செய்திருக்கிறாய். ரெண்டு கணினியையும் சேர்த்துவைக்கும் ஒரே சேர்வர், நாம் சேர அடிக்கும் ஒரே கீ, ரெண்டு பக்கமும் "இணைந்தது" என்று சொல்லிவிட்டது. பிறகு என்ன, ரெண்டு மாப்பிள்ளையும் மணவறையில் இருக்கிறோம், பொம்பிளையைக் காணோம். உதவி கேட்கிறவன் "என் கணினியைக் கட்டுப்படுத்த விடு" என்பதைத்தான் தெரிவு செய்யவேண்டும். அதைத் திருத்துவதற்குள் நீ ஸ்பீக்கரைக் கூட்டிக் குறைத்து, ஹெட்போனை மாற்றி, கடைசியில் டேட்டாவைத் திட்டினாய். டேட்டாவில் பிழையே இல்லை. என்விடிஏ தூரத்துக்கு அனுப்புவது சத்தத்தை இல்லையே. உன் கணினி பேச வேண்டியதை எழுத்தாக அனுப்பும், இங்கே என் கணினியில் உள்ள குரல் அதை வாசிக்கும். அதற்குச் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே போதும். நம் போன் அழைப்புத்தான் அதைவிடப் பல மடங்கு தின்றிருக்கும்.

ரெண்டாவதில் நான் உன்னை மெச்சவேண்டும். பக்கம் மாற்றி மறுபடி இணைத்தபோது, சேர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, தொடரவா என்று உன் பக்கம் கேட்டது. முதல் தரம் நீ கவனிக்காமல் ஆம் கொடுத்திருப்பாய். இந்தத் தரம் நீ பயந்து வேண்டாம் என்று கொடுத்துவிட்டாய், நான் கத்தித்தான் ஆம் கொடுக்க வைத்தேன். நீ வேண்டாம் என்றதுதான் சரி. போன கிழமை நீ சொன்னது எனக்கு இன்று காலை பல் துலக்கும்போதுதான் ஞாபகம் வந்தது: பேங்க் பக்கம் திறக்கவில்லை, ஜிமெயிலும் ஏதோ எச்சரிக்கை சொல்கிறது என்றாய் அல்லவா? என்விடிஏ விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்12ஐ ரெண்டு தரம் அழுத்து. திகதி சொல்லும். நிச்சயம் பழைய வருஷம் ஒன்றைத்தான் சொல்லும். கரண்ட் போய் லப்டொப் பட்டரியும் இறங்கினால் மணிக்கூட்டைத் தாங்குவதற்கு உள்ளே சின்ன வட்டப் பட்டரி ஒன்று இருக்கும், உன்னுடையது செத்திருக்கிறது. திகதி பின்னுக்குப் போனால் எந்தச் சான்றிதழும் 'இன்னும் பிறக்காத' சான்றிதழ்தான். இப்போதைக்குத் திகதியைத் திருத்து. அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் நாளில் கடையில் கொடுத்து மாற்று.

மூன்றாவது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நான் செத்த வீடு மாதிரி அமைதியானேனே, அது. நான் உன் கணினியில் ஒரு புரோகிராமைப் போடப் பார்த்தேன். "இதற்கு அனுமதி தரவா" என்று விண்டோஸ் ஒரு தனித் திரையைக் கொண்டுவரும். நீ என்விடிஏயைப் பென்டிரைவில் இருந்து ஓட்டுகிறாய். பென்டிரைவ் பிரதி அந்தத் திரைக்குள் போகாது, உனக்கும் வாசிக்காது, எனக்கும் அனுப்பாது. உன் திரையில் கேள்வி நிற்கிறது, நான் இங்கே இருந்து விசைகளைக் குத்திக்கொண்டிருக்கிறேன். கணினியிலேயே நிறுவிவிடு, இலவசம்தானே.

மருமகன் எனிடெஸ்க் போடச் சொன்னான் என்றாய். அவன் கண்ணுக்கு அது சரி. அது உன் திரையைப் படமாகத்தான் அனுப்பும், அதை வைத்து நான் என்ன செய்ய? சுவரில் மாட்டவா? 2015இல் கிறிஸ்டோபர் டோத், டைலர் ஸ்பிவி என்ற ரெண்டு பேர் இந்த ரிமோட்டை ஒரு துணைநிரலாகச் செய்து விட்டிருக்காவிட்டால் நீயும் நானும் இன்னும் பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டு "திரையில் என்ன இருக்கு, வாசி மகன்" என்றுதான் இருந்திருப்போம். அவன் பாதியை வாசிப்பான், மீதியை 'ஒண்டுமில்ல மாமா' என்பான். 2025.1 பதிப்பிலிருந்து அது என்விடிஏக்குள்ளேயே வருகிறது, தனியாகப் போடத் தேவையில்லை.

துணைநிரல் காலத்தில் ஒருநாள் எஃப்11 அழுத்தி என் பக்கம் திரும்பிவிட்டேன் என்று நினைத்து உன் கணினியை நிறுத்திவிட்டேனே, ஞாபகமா? நீ அரைவாசி எழுதிய மனுவும் போயிற்று. அன்று நீ மூன்று நாள் போன் எடுக்கவில்லை. இப்போது பக்கம் மாற என்விடிஏ விசையோடு ஆல்ட், டேப். ஒவ்வொரு தரமும் எந்தப் பக்கம் என்று சொல்லும்வரை நான் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறேன், பயத்தில்.

நாலாவதுக்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். கோயில் திருவிழா அறிவித்தலைத் திறந்து காட்டினாய். நான் "இதில ஒண்டும் இல்லையே, வெறும் பக்கம்" என்றேன். ரெண்டு மணித்தியாலம் இருந்து தட்டியவனுக்கு அப்படிச் சொன்னால் கோபம் வராதா? பக்கம் வெறுமையில்லை. முந்தின நாள் ஓர் ஆங்கிலக் கட்டுரை வாசிக்க விண்டோஸின் ஆங்கிலக் குரலை வைத்தேன், மாற்ற மறந்துபோனேன். உன் தமிழ் வரி வரியாக இங்கே வந்து இறங்கியிருக்கிறது, அந்தக் குரல் ஒவ்வொன்றையும் பேசாமல் விழுங்கியிருக்கிறது. வாசிப்பது என் பக்கத்துக் குரல் என்று உனக்கு மேலே இவ்வளவு விளக்கம் எழுதிய எனக்கே அது அப்போது தோன்றவில்லை. இன்று ஈஸ்பீக் என்ற குரலைத் தமிழுக்கு வைத்துவிட்டேன். அதன் தமிழ் தகரத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் விழுங்காது.

ஆனால் கோயில் கமிட்டி அனுப்பிய மற்ற ஃபைலுக்கு நான் பொறுப்பில்லை. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே முழுக்க ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று இருக்கும் இடத்தை "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். யுனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொல்லு. நீ சொன்னால் கேட்பார்கள், நீதானே பொருளாளர்.

இன்னொன்று. நம் கீயாக உன் பிறந்த வருஷத்தை வைத்திருக்கிறாய். அந்தச் சேர்வரில் அதே இலக்கத்தை யார் அடித்தாலும் நம்மோடு வந்து உட்காரலாம், உன் கணினியைத் தன் கணினி மாதிரி ஓட்டலாம். கீ உருவாக்கும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி வருவதை எனக்குப் போனில் சொல். வேலை முடிந்ததும் துண்டித்துவிடு.

அலுவலகத்தில் இருந்து இணைக்கப் பார்க்காதே. அங்கே இந்த ரிமோட் போய்வரும் வழியான 6837 போர்ட்டை அடைத்திருக்கிறார்கள் போல, நான் என் அலுவலகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறியதும் உடனே போயிற்று.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுக்கிறேன். அதற்குள் திகதியைத் திருத்தி, என்விடிஏயை நிறுவி வை. "சத்தம் இல்லை" என்று மட்டும் சொல்லாதே மச்சான். உன் பக்கமா என் பக்கமா, கடைசியாக என்ன கேட்டது, அதற்கு முன் எந்த விசையை அழுத்தினாய், இதைச் சொல். நானும் கத்தமாட்டேன். மாமிக்கு என் அன்பைச் சொல். பஸ்ஸில் ஆள் வந்தால் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்துவிடுகிறேன், சட்டியை மட்டும் திருப்பி அனுப்பு.

உன்,
கல்லடிக்காரன்