பதிவு முடிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாகக் கிறிஸ்தவ சபை தொடங்குவோருக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே பதிவது, யார் யார் கையெழுத்துப் போடுவது எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பதிவு செய்த சபைகளும் கோர்ட் படி ஏறத்தான் செய்கின்றன. சொத்து யாருடையது, அடுத்த போதகர் யார் என்பதுதான் வழக்காக இருக்கும். அதற்குப் பதில் சபையைப் பதிவு செய்யும் பத்திரத்துக்குள்ளே இருக்க வேண்டும்.

பலர் வேறொரு சபையின் பத்திரத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிப் பதிவுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படி ஒன்றை வாசித்திருக்கிறேன். "நிறுவனர் தம் ஆயுள்காலம் முழுவதும் நிர்வாக அறங்காவலராக இருப்பார், அவருக்குப் பின் அவர் நியமிப்பவர்." அவ்வளவுதான். நியமிக்காமலே அவர் கண்மூடினால்? மூப்பர்கள் அவரிடம் கணக்குக் கேட்க வேண்டி வந்தால்? ஒரு வரி கிடையாது.

இதைவிடப் பெரிய தலைவலி நிலம். காணிக்கையில் வாங்கிய மனை, கிரயப் பத்திரத்தில் போதகரின் சொந்தப் பெயரில் இருக்கும். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. வாங்கிய அன்று சபைக்குப் பதிவு இருந்திருக்காது. உயில் எழுதாமல் அவர் காலமானால், 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அது அவருடைய குடும்பத்துக்குப் போகும். வாங்கியது சபைப் பணத்தில் என்று நிரூபிக்கும் பாடு விசுவாசிகள் தலையில். அதனால் முதலில் பதிவு, அப்புறம் சபைப் பெயரில் வங்கிக் கணக்கு, அதற்குப் பிறகு மனை.

சபையை அறக்கட்டளையாகப் பதிவதா, சங்கமாகப் பதிவதா என்று கட்டுரையாளர் நிறையவே பேசியிருக்கிறார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். 1882-ம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் சமய அறநிலைகளுக்குப் பொருந்தாது; அதன் முதல் பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆக, எழுதாமல் விட்டதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்க முடியாது. 1860-ம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் குறைந்தது 7 பேர் சேர வேண்டும். (அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரணைக்குத் தெரிந்துகொண்டவர்களும் ஏழு பேர்தான்!) சங்கம் கலைந்தால் மீதிச் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள அந்தச் சட்டம் விடுவதில்லை. அமெரிக்காவில் சபைகள் வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கக்கூடத் தேவையில்லை, ஆனால் அங்கும் கலைந்த சபையின் சொத்து தனியார் கைக்குப் போகக் கூடாது.

உறுப்பினர் யார் என்பதையும் பைலாவில், அதாவது சபையின் உள்விதிகளில், எழுதியாக வேண்டும். ஞாயிறுதோறும் வருகிறவர் எல்லாரும் உறுப்பினரா, ஞானஸ்நானம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமா? சபை இரண்டாகப் பிரியும் நாளில் வாக்களிக்கப் போவது யார் என்பது இதில்தான் இருக்கிறது. சபை எதை நம்புகிறது என்று சொல்லும் விசுவாச அறிக்கையை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்காவது வேண்டும் என்று வைக்கலாம். கூட்டம் எத்தனை நாளுக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும், காசோலையில் யார் இருவர் கையெழுத்திடுவது போன்றவற்றை எளிதில் திருத்தும்படி விட்டால் போதும்.

அடுத்த இதழ்களில் ஒரு மாதிரிப் பத்திரத்தை வரிவரியாக எடுத்து, எந்த வரி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று ஒரு வழக்கறிஞரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சபை நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரு வாசகர்