சனிக்கிழமைகளைத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, இளையோர் இசைக்குழுவின் கச்சேரியில், எங்கள் மகன் வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான தன் செலோவோடு மேடையில் தனக்குரிய கதிரையில் அமர்ந்திருந்தான். அவனுடைய தகப்பனார் கீழே, வாசலுக்கு அருகில் ஒதுக்கித் தந்த இருக்கையில், என் கையைப் பிடித்தபடி இருந்தார். ஜனவரிக் கடைசியில் அவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தவை இம்மடலைப் படிக்கும் அநேகருக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி எழுதவில்லை. அந்த இரண்டு இடங்களும் வெறுமையாகிவிடாமல் காத்தவர்களுக்கு, நாட்கள் கடந்து மனம் ஆறிப்போவதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றிரவு எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளையை இளையோர் இசைக்குழுவில் சேர்த்த பெற்றோருக்கு அது எவ்வளவு நேரத்தைக் கேட்கும் என்பது தெரியும்; மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். செப்டெம்பரிலிருந்து மே வரை சனிக்கிழமை தோறும் மூன்று மணித்தியால ஒத்திகை. ஸ்காபரோவிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போய்த் திரும்ப, பனி கொட்டும் நாளில் இன்னும் இரண்டரை மணித்தியாலம். வாரத்தில் ஒரு மாலை ஆசிரியரிடம் தனி வகுப்பு, நாள்தோறும் வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத பயிற்சி, கச்சேரி வாரத்தில் மேலதிக ஒத்திகைகள். அண்ணனின் ஒத்திகை நேரத்துக்கு ஏற்பத்தான் தங்கையின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் பிறந்தநாள் அழைப்புகளும் அமைய வேண்டும். 2023 ஜூலையில் ரயில் பெட்டி தடம்புரண்டதோடு ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயில் பாதை மூடப்பட்ட பிறகு, தன்னளவு உயரமுள்ள செலோப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை பஸ்ஸில் கென்னடி நிலையம் வரை போய் அங்கிருந்து ரயில் ஏறுவது என்பதும் இலேசான காரியமல்ல. குளிர்காலத்தில் செலோவை வாகனத்தில் விட்டுவிட்டு எங்கும் போகவும் முடியாது. மைனஸ் 15 பாகைக் குளிரில் மரம் வெடித்துவிடக்கூடும். அதனால் வைத்தியசாலைத் தாழ்வாரத்துக்கும் அது எங்களோடு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நாற்காலி நாளெல்லாம் அதற்கென்றே இருந்தது.

இவ்வளவு காலமும் இந்த மணித்தியாலங்களை எங்கள் வீட்டுக்குரிய கணக்காகவே நான் நினைத்து வந்தேன். ஒத்திகை முடியும்வரை வாகனத்துக்குள் இருந்தபடி, இந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலைகளை மனத்தாங்கலோடு எண்ணிப்பார்த்த நாட்களும் உண்டு. வேறொருவர் தம்முடைய நேரத்தை எடுத்து என் பிள்ளைக்குத் தருவார் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

பெப்ரவரியில் மகன் அடுத்தடுத்து மூன்று ஒத்திகைகளைத் தவறவிட்டான். இக்கச்சேரிக்கென எடுத்திருந்தது செக் இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக் 1889இல் இயற்றிய எட்டாவது சிம்பொனி; முழு இசைக்குழுவும் வாசிக்கும் நான்கு பகுதிப் படைப்பு. அது தொடங்குவதே செலோக்களின் மெட்டில்தான். அதே மெட்டைச் சில ஊதுகருவிகளும் கூட ஒலிக்கும். நான்காம் பகுதியில் எக்காளங்கள் அழைத்து ஓய்ந்ததும் கருப்பொருளை எடுத்துச் செல்பவையும் செலோக்களே. ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை அது. அத்துடன், எந்தச் சுரத்தில் வில்லை இழுப்பது, எதில் தள்ளுவது என்பது ஒத்திகைக்கு ஒத்திகை மாறும். பத்து வில்கள் ஒரு பக்கம் போகும்போது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் தெரியும். அதை நினைத்தே, நான்காவது சனிக்கிழமைக்கு முதல் நாள், இனிப் போகப்போவதில்லை என்று மகன் கூறிவிட்டான். அவனைத் தேற்றுவதற்கு என்னிடம் அன்று வலுவில்லை.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. மகனோடு ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் பிள்ளையின் தகப்பனார், தோளில் பனியோடு, ஒரு பெரிய உறையை நீட்டிக்கொண்டு நின்றார். அதுவரை அவரோடு நான் பேசியது வணக்கத்துக்கு மேல் இருக்காது. உள்ளே வரச் சொன்னேன்; வாகனத்தை இயங்கவிட்டு வந்திருப்பதாகக் கூறி உடனே திரும்பிவிட்டார். உறைக்குள் எட்டாவது சிம்பொனியின் செலோத் தாள்கள் முழுவதன் நகல் இருந்தது. மூன்று ஒத்திகைகளிலும் செய்த திருத்தங்கள் அனைத்தும் பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன: இழுக்க வேண்டிய இடங்களில் கீழ்ப்புறம் திறந்த பெட்டி போன்ற சிறு குறி, தள்ள வேண்டிய இடங்களில் கூர்முனை கீழ்நோக்கிய குறி, விரல் இலக்கங்கள், இசைக்குழுவை நடத்துபவரைப் பார்க்க வேண்டிய இடங்களில் ஒரு சோடி கண்ணாடியின் படம்.

அவருடைய மகளின் வேலை என்றே நினைத்தோம். மறுநாள்தான் அந்தப் பிள்ளை மகனிடம் சொல்லியிருக்கிறாள்: தனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை இருந்ததால் தகப்பனார் இரண்டு இரவுகள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினாராம். அவர் மின்னிணைப்பு வேலை செய்பவர். ஒரு சுரத்தைக்கூட வாசிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு குறியையும் படம் வரைவதுபோல அதே இடத்தில் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் மகளிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறார். இரண்டாம் பகுதியில் ஒரு வரி முழுவதும் அழித்து எழுதிய தடம் இன்னும் தெரிகிறது. தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் வைத்தியசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு, அவற்றை எழுதி முடிப்பதிலேயே வாசிக்கும் நேரம் போய்விடும் என்று அவர் நினைத்தாராம். உறையின் அடியில் கூர்மையாகச் சீவிய பென்சில் ஒன்றும், நாளைக்கும் சில இடங்கள் மாறும் என்ற மகளின் துண்டுச் சீட்டும் இருந்தன.

மகன் அன்றிரவே பெட்டியைத் திறந்தான். அவன் சுருதி சேர்த்த ஓசையைச் சமையலறையில் நின்று கேட்டபோதுதான், அந்த வாரத்தில் முதன்முறையாக நான் அழுதேன்.

இவர் ஒருவரைப் பற்றியே இவ்வளவு எழுதியதற்கு மற்றவர்கள் மனவருத்தம் கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். முறைவைத்து மகனை அழைத்துச் சென்ற அயலவர்கள், விதியைத் தளர்த்தி விடுப்புத் தந்த இசைக்குழுவினர், வகுப்பைத் தொலைபேசி வழியே இரவு பத்து மணிக்கும் எடுத்த ஆசிரியர், மகளைத் தன் வீட்டில் வைத்திருந்து தமிழ் வகுப்பு ஒன்றையும் தவறவிடாத என் அக்கா, எனக்காக வேலைநேரத்தை மாற்றிக்கொண்ட தோழியர், இடியப்பமும் சொதியும் வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனவர்கள் – உங்கள் ஒவ்வொருவருக்கும் நாங்கள் நால்வரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பென்சில் பிடித்த அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. இம்மடலை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக்காட்டும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். இசைத்தாள்கள் இசைக்குழுவின் நூலகப் பொறுப்பாளரிடம் திரும்பிவிட்டன. அந்த நகல் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

செப்டெம்பரில் அடுத்த பருவம் தொடங்குகிறது. ஒத்திகை நேரம் முழுவதும் வாகனத்துக்குள் இருக்காமல் உள்ளே வந்து, வராத பிள்ளைகளின் தாள்களில் அன்றைய மாற்றங்களைக் குறித்து வைக்கும் வேலையைத் தரும்படி நூலகப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். குறிகளை இப்போதே பழகி வருகிறேன். எங்கள் வாகனத்தில் இன்னும் ஒரு பிள்ளைக்கும் அதன் வாத்தியத்துக்கும் இடமுண்டு. மார்க்கம் வீதிப் பக்கத்திலிருந்து வரவேண்டிய பிள்ளை எவராயினும், காரணம் எதுவாயினும், முதல் நாள் இரவு சொன்னால் போதும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
செலோ வாசிக்கும் பிள்ளையின் தாய்,
ஸ்காபரோ